பனி விழாத மலையில் பனிக்குப் பாதை போடுவது: போடிமெட்டு முதல் மீசைப்புலிமலை வரை ஆறு நாள்

முதல் நாள்: போடி – போடிமெட்டு – தேவிகுளம்

போடிமெட்டுச் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் ஒரு சொல்லுக்குப் பொருள் மாறிவிடும். கீழே போடியில் 'பனி' என்றால் மார்கழி விடியலில் தலையில் இறங்குவது. மேலே மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல். அடிமாலிப் பக்கத்து ஜீப் ஓட்டுநரிடம் "சேட்டா, நாளைக்கு மேலே பனி இருக்குமா?" என்று கேட்டால் மருந்துக்கடைக்கு வழி சொல்லிவிடுவார், 'மஞ்ஞு' என்று கேட்க வேண்டும். தமிழிலும் நிலைமை பெரிதாக மேல் இல்லை. புல்நுனித் துளி, கண்ணை மறைக்கும் புகைமூட்டம், இமயத்தில் இடுப்பளவு குவிவது, எல்லாமே நமக்குப் பனிதான். இந்தக் குறிப்புகளில் வானிலிருந்து விழுவது வெண்பனி, தரையில் படிவது உறைபனி, பார்வையை மறைப்பது மூடுபனி. மூன்றும் மூன்று விதமாகக் கெடுக்கும் என்பதால் பெயரையும் பிரித்துவைப்பது நல்லது.

திட்டம் இதுதான். குளிர்காலத்தில் கேதார்காந்தா (3,810 மீட்டர், உத்தரகாசி மாவட்டம்) போகும் குழுவுக்கான வழித்திட்டத்தை எல்லை மலைகளில் நடந்தபடியே தயாரிப்பது. இங்கே வெண்பனி கிடையாது. மற்றபடி வெட்டவெளி முகடு, காற்று, மூடுபனி, பூஜ்யத்தைத் தொடும் இரவு எல்லாம் உண்டு. எதை இங்கே பழகலாம், எதை அங்கே போய்த்தான் கற்க முடியும் என்று பிரிப்பதுதான் ஆறு நாள் வேலையும்.

மாலையில் தேவிகுளத்தில் வரைபடம் விரித்தாயிற்று. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 படத்தில் சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. 100 மீட்டருக்கு ஒரு தடித்த கோடு. படத்தில் 1 மில்லிமீட்டர், தரையில் 50 மீட்டர். எனவே பள்ளிக்கூட அடிக்கோல் ஒன்றே சரிவைச் சொல்லிவிடும். இரண்டு தடித்த கோடுகளுக்கு நடுவே 4.3 மி.மீ. இருந்தால் சரிவு 25 டிகிரி. 3.5 மி.மீ. என்றால் 30. வெறும் 2 மி.மீ. என்றால் 45. பனிச்சரிவுகளில் (மலைச்சரிவில் கிடக்கும் வெண்பனி மொத்தமாகப் பெயர்ந்து கீழே பாய்வது) பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரிக்குள் கிளம்புகின்றன. அதனால் சிவப்புப் பென்சிலால் 2 முதல் 3.5 மி.மீ. வரை நெருக்கமுள்ள இடங்களை எல்லாம் தீற்றிவிட்டு, தீற்றாத இடத்தில் பாதை போட வேண்டும். தலைகீழாகச் செய்பவர்கள்தான் அதிகம்: முதலில் பாதையை வரைந்துவிட்டு, பிறகு அதற்குச் சாதகமாகச் சரிவை அளப்பார்கள்.

இதில் இரண்டு ஓட்டை உண்டு. 20 மீட்டர் இடைவெளிக் கோடுகளுக்கு நடுவே 15 மீட்டர் பாறை ஒன்று ஒளிந்துகொள்ளும். படத்தில் தடயமே இராது. இன்னொன்று, பாதை மேல் சரிவு குறைவாக இருந்தாலும் அதற்கு மேலே தலைக்கு நேராகத் தொங்கும் சரிவு செங்குத்தாக இருக்கலாம். பனிச்சரிவு தட்டையான இடத்துக்கும் இறங்கி வரும். நிற்கிற இடத்திலிருந்து சரிவின் உச்சியை அண்ணாந்து பார்க்கும் கோணத்தை அளக்க வேண்டும். அது 18 டிகிரிக்குக் கீழே இருந்தால் அநேகமாக எட்டாத தூரம். கூடாரம் போடும் இடத்துக்கு இந்த அளவு கட்டாயம்.

இரண்டாம் நாள்: செண்டுவரைப் பக்கம், விடியற்காலை

மூணாறைச் சுற்றி டிசம்பர் கடைசி, ஜனவரியில் செண்டுவரை, லட்சுமி, சைலன்ட் வேலி எஸ்டேட்களில் தட்பநிலை பூஜ்யத்துக்குப் போகும். (இந்த சைலன்ட் வேலி வேறு, பாலக்காட்டுத் தேசியப் பூங்கா வேறு. வண்டி புக் செய்யும்போது கவனம்.) ஐந்தரை மணிக்குப் போனால் பார்க்க வேண்டியது ஒன்று தெளிவாகத் தெரியும். பள்ளத்தில், ஓடைக்கரைப் புல்லில் வெள்ளை படிந்திருக்கும். அதற்குச் சில பத்து மீட்டர் மேலே, மேட்டுத் தேயிலையில் ஒன்றும் இருக்காது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை வெப்பத்தை இழக்கிறது. அதை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர் மாதிரிப் பள்ளத்துக்கு வடிந்து தேங்குகிறது. எஸ்டேட்காரர்களுக்கு இது இலை கருகும் கணக்கு. மலையேறிக்கு இது கூடாரக் கணக்கு. வெண்பனி மலையிலும் புல்வெளியின் குழிந்த நடுப்பகுதியை விட்டு, காற்று மறைவான ஒரு மேட்டுத் திட்டில் படுத்தால் அதே இரவு சில டிகிரி இதமாகக் கழியும்.

உயரத்துக்கான பொதுக்கணக்கு 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி. கேதார்காந்தா ஏற்றம் தொடங்கும் சங்க்ரி கிராமம் சுமார் 1,950 மீட்டர்; உச்சி 3,810. வித்தியாசம் 1,860 மீட்டர், அதாவது 12 டிகிரி. சங்க்ரியில் -1 என்றால் உச்சியில் -13 என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் இன்று காலை பார்த்ததையும் மறக்கக்கூடாது. பள்ளத்தாக்கில் குளிர்காற்று தேங்கிய விடியலில் இந்தக் கழித்தல் பொய்யாகும். உச்சி அவ்வளவு குளிராக இராது. காற்றுள்ள, மேகமூட்டமான நாளில்தான் கழித்தல் ஓரளவு நிஜத்தோடு ஒட்டும். அப்படிப்பட்ட நாள்தான் ஆபத்தான நாளும்.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். இமயத்தில் மாதக் கணக்கு வேறு. டிசம்பர் முதல் மார்ச் வரை மேற்கத்திய இடையூறு என்று வானிலைத் துறை சொல்லும் மழைமேகக் கூட்டங்கள் மேற்கிலிருந்து வரிசையாக வருகின்றன. அவைதான் வெண்பனியைக் கொட்டுகின்றன. ஒன்று போய் அடுத்தது வருமுன் உள்ள இடைவெளியில்தான் உச்சி நாளைப் பொருத்த வேண்டும்.

மூன்றாம் நாள்: மீசைப்புலிமலை

2,640 மீட்டர். தென்னிந்தியாவில் ஆனமுடிக்கு (2,695) அடுத்தது. ஆனமுடி உச்சி இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் பொதுவாக ஏற விடுவதில்லை. வரையாடு குட்டி போடும் பருவத்தில் ராஜமலையையும் மூடிவிடுவார்கள். மீசைப்புலிக்குக் கேரள வன மேம்பாட்டுக் கழகத்தின் அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். முகாம் ரோடோ வேலியில். பெயருக்குக் காரணமான ரோடோடெண்ட்ரான் செம்பூ மரத்தின் உறவை இமயத்தில் 'புராஞ்ஷ்' என்பார்கள். ஒரே இனம், 2,000 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி.

இங்கே செய்ய வேண்டிய முதல் வேலை குழுவின் வேகத்தை அளப்பது. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொன்ன விதி இன்றும் தொடக்கப் புள்ளி: சமதரையில் மணிக்கு 5 கி.மீ., அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதல். ஒவ்வொரு மேட்டிலும் நேரத்தைக் குறித்து, விதி சொன்ன நேரத்தால் வகுத்தால் குழுவின் எண் கிடைக்கும். 1.3 வந்தால் நல்ல குழு. 1.6 வந்தாலும் குறையில்லை, தெரிந்துகொண்டால் போதும். குழுவின் எண் என்பது கடைசி ஆளின் எண். முன்னால் போகிறவர் எப்போது சேர்ந்தார் என்பது இந்தக் கணக்குக்குத் தேவையில்லை. மிதித்துக் கெட்டியான வெண்பனியில் அதை மேலும் ஒன்றரையால் பெருக்க வேண்டும். முழங்கால் வரை புதையும் புதுப்பனியில் பெருக்கலை விட்டுவிடலாம். மணிக்கு 1 கி.மீ. போனாலே பெரிது, முன்னால் தடம் வெட்டுகிறவரைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்.

அடுத்தது காற்று. புல்வெளி முகட்டில் மரமில்லாததால் கிளை ஆடுவதைப் பார்த்து வேகம் சொல்ல முடியாது. மூணாறில் எல்லோர் கையிலும் இருக்கும் குடை உதவும். விரித்த குடையைப் பிடிக்கத் திணறினால் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல். குடையே இல்லாமல் எதிர்க்காற்றில் நடக்கச் சிரமம் என்றால் 50-ஐத் தாண்டிவிட்டது. தெர்மாமீட்டர் 5 டிகிரி காட்டும்போது 30 கி.மீ. காற்று அடித்தால் முகத்துக்கு அது 0. அதே காற்று -10 டிகிரியில் -20 ஆகிறது. -15 டிகிரியில் 40 கி.மீ. என்றால் -27. அந்த எல்லையில் மூடாத கன்னம், மூக்கு நுனி, விரல் எல்லாம் அரை மணி நேரத்துக்குள் உறைய ஆரம்பிக்கலாம். ஆகவே வழித்திட்டத்தில் உச்சிக்கு முந்தைய கடைசி மறைவிடம் எது என்று குறித்திருக்க வேண்டும். கையுறை மாற்றுவது, முகமூடி போடுவது, சாப்பிடுவது எல்லாம் அங்கேயே முடிய வேண்டும். முகட்டில் நின்று பை திறந்தவரின் கையுறை பறந்து போவது எல்லாக் குளிர்காலத்திலும் நடக்கிற சங்கதி. கையுறைக்கு மணிக்கட்டுக் கயிறு கட்டுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தாலும் பரவாயில்லை.

முற்பகலில் தேனிப் பக்கத்திலிருந்து மூடுபனி ஏறிவந்தால் பயிற்சிக்கு நல்ல வாய்ப்பு. முகட்டுப் பாதையை 300 முதல் 500 மீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் திசை, தூரம், ஏற்ற இறக்கம், நிமிடம், 'தாண்டிவிட்டோம்' என்று காட்டும் அடையாளம், இந்த ஐந்தையும் முதல் இரவே எழுதியிருக்க வேண்டும். திரும்பும் திசைக்கு 180 கூட்டவோ கழிக்கவோ வேண்டும். போகும்போது 70 என்றால் வரும்போது 250. குளிரில் மூளை இந்தக் கூட்டலைச் செய்யாது, அதனால் இரண்டையும் எழுதிவைக்க வேண்டும். இங்கே தவறினால் புல்வெளியில் பத்து நிமிடம் சுற்றுவோம். வெண்பனி முகட்டில் மூடுபனி சேர்ந்தால் தரையும் வானமும் ஒரே வெள்ளை. கால் வைக்கும் இடம் மேடா பள்ளமா என்றே தெரியாது.

முகட்டில் எந்தப் பக்கம் நடப்பது என்பதையும் இங்கேயே பேசிவிடலாம், ஆனால் இங்கே பழக முடியாது. வெண்பனியைக் காற்று ஒரு பக்கம் சுரண்டி மறுபக்கம் குவிக்கிறது. குவியும் பக்கத்தில் முகட்டின் விளிம்பைத் தாண்டி, வீட்டுத் தாழ்வாரம் மாதிரி வெறும் வெளியில் பனி நீண்டு நிற்கும். கார்னிஸ் என்று பெயர். மேலிருந்து பார்த்தால் கெட்டித் தரை போலத்தான் இருக்கும். உடையும்போது விளிம்பில் மட்டும் உடையாது, பல மீட்டர் உள்வாங்கி உடையும். எனவே காற்று மோதும் பக்கமாக, பாறையோ புல்லோ துருத்தித் தெரியும் தடத்தில் நடப்பது வழக்கம்.

நான்காம் நாள்: சூரியநெல்லி – கொழுக்குமலை

கொழுக்குமலை தேனி மாவட்டம். வண்டிப் பாதை மட்டும் இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லி வழியாக. ஜீப் தவிர வேறெதுவும் ஏறாது. விளிம்பில் நின்றால் கீழே குரங்கணி. 2018 மார்ச் 11-ஆம் தேதி இந்தச் சரிவில்தான், இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, தப்ப வழியில்லாத இடம். சரிவில் தீ மேல்நோக்கிப் பாயும். சாய்வு 10 டிகிரி கூடினால் அதன் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்போர் கணக்கு.

பனிச்சரிவு மேலிருந்து கீழே வருகிறது, ஆனால் இரண்டுக்கும் கேள்வி ஒன்றே: இந்தச் சரிவின் நடுவில் இருக்கும்போது ஏதாவது நடந்தால் எங்கே போவோம்? பதில் இல்லாத சரிவில் பாதை போடக்கூடாது.

சரிவை நேரில் அளக்க இரண்டு நடைக்கம்பு போதும். இரண்டையும் 120 செ.மீ.க்கு வையுங்கள். ஒன்றின் முனையைச் சரிவில் ஊன்றி, கிடைமட்டமாக வெளிநோக்கிப் பிடிக்க வேண்டும். அதன் வெளிநுனியிலிருந்து மற்றதைச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். தொங்கும் கம்பில் எத்தனை செ.மீ.யில் தரை தொடுகிறது? 56 என்றால் 25 டிகிரி. 69 என்றால் 30. முழுக் கம்பும் இறங்கினால் 45. 56, 69 ஆகிய இரண்டு அளவிலும் கம்பில் கலர் டேப் சுற்றிவிட்டால் பிறகு கணக்கே வேண்டாம். கொழுக்குமலைத் தேயிலைச் சரிவுகளில் முதலில் கண்ணால் மதிப்பிட்டு, பிறகு கம்பால் சரிபார்த்தால் ஒரு பாடம் கிடைக்கும்: கண் எப்போதும் கூட்டித்தான் சொல்லும். 28 டிகிரியை 40 என்போம். நாளடைவில் அது தைரியமாக மாறி, உண்மையான 38 டிகிரியிலும் "இதெல்லாம் ஏறினதுதானே" என்று கால் வைக்கத் தூண்டும்.

பனிச்சரிவுக்குச் சரிவு மட்டும் காரணமில்லை. பழைய பனியின் மேல் சர்க்கரை மாதிரி ஒட்டாத ஓர் அடுக்கு, அதன் மேல் காற்று கொண்டுவந்து இறுக்கிய பாளம், அந்தப் பாளத்தின் மேல் ஒரு ஆளின் எடை. இந்த மூன்றும் சேர்ந்தால் முழுச் சரிவும் கண்ணாடித் தகடு போல விரிந்து கிளம்பும். மனிதர்கள் சிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பான்மையைக் கிளப்பியவர்கள் அவர்களோ அவர்கள் குழுவினரோதான். எச்சரிக்கைகள் உண்டு. 24 மணி நேரத்தில் 30 செ.மீ.க்கு மேல் புதுப்பனி, பக்கத்துச் சரிவில் புதிதாக விழுந்த தடயம், காலடியில் 'வும்ப்' என்று அமுங்கும் ஓசை, பாதத்திலிருந்து ஓடும் விரிசல், திடீர் வெயில். ஒன்று கண்டாலும் அன்றைக்கு 30 டிகிரிக்கு மேல் கிடையாது. கடக்கவே வேண்டிய இடமானால் ஒவ்வொருவராக, மற்றவர்கள் பாதுகாப்பான திட்டில் நின்று பார்த்தபடி. புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் நம்பிக்கை. அதற்கு டிரான்ஸீவர் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் ரேடியோ கருவி), நீளக் குத்துக்கம்பி, மண்வாரி மூன்றும் எல்லோரிடமும் இருக்க வேண்டும். ஒருவர் பையில் மட்டும் மண்வாரி இருந்து அவரே புதைந்தால் என்ன செய்வது? இமயத்துக்கான பனிச்சரிவு எச்சரிக்கையை டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்புத் துறை ஆய்வகம் மாவட்டவாரியாக வெளியிடுகிறது. உத்தரகாசி, சமோலி எல்லாம் அதில் வரும்.

ஐந்தாம் நாள்: மூணாறு பஜார்

பொருட்கள். நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, தவறுகளை மட்டும்.

பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையைப் பிடித்துவைத்து நின்றவுடன் ஐஸ் துணியாகிவிடும். உள்ளே பாலியெஸ்டர் அல்லது கம்பளி, நடுவில் ஃபிளீஸ், நின்றால் போட டவுன் (இறகு அடைத்த) ஜாக்கெட், மேலே காற்று புகாத உறை. கிளம்பும்போது சற்றுக் குளிரெடுத்தால் சரியாக உடுத்தியிருக்கிறோம் என்று பொருள். பூட்ஸில் இரண்டு சாக்ஸ் திணித்தால் ரத்தவோட்டம் தடைபட்டு விரல்தான் முதலில் மரக்கும். ஒரே தடித்த ஜோடியும் விரலை அசைக்க இடமும் போதும். மைக்ரோஸ்பைக் என்ற சங்கிலிப் பற்கள் மிதிபட்டு இறுகிய பாதைக்கு. கேதார்காந்தாவில் டிசம்பர் கடைசி வாரக் கூட்டம் மிதித்தே பாதையைக் கண்ணாடியாக்கிவிடும், அங்கே இது அவசியம். அதைவிடச் செங்குத்தான உறைந்த சரிவுக்குக் கிராம்பானும் (பூட்ஸின் அடியில் மாட்டும் கூர்முள் சட்டம்) ஐஸ் கோடாரியும், விழுந்தால் கோடாரியால் தன்னை நிறுத்தும் பயிற்சியும் வேண்டும். அந்தப் பயிற்சியை மூணாறுப் புல்லில் பழகிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வெண்பனியிலேதான் வரும்.

அடுப்பு: சாதாரண பியூட்டேன் டப்பா 0 டிகிரியை ஒட்டிச் செத்துவிடும், காரணம் அந்த வாயு கொதிப்பதே -0.5 டிகிரியில். ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்த டப்பா வாங்க வேண்டும். தரையில் வைக்காமல் பலகை மேல் வைக்க வேண்டும். வெண்பனியை உருக்கித் தண்ணீராக்க மட்டும் ஆகும் வெப்பத்தில், அதே தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கலாம். ஆகவே பனி உருக்கும் நாளுக்கு எரிபொருள் ஏறக்குறைய இரட்டிப்பு. பாத்திரத்தின் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கும்போதே பனியைப் போட வேண்டும், இல்லாவிட்டால் பாத்திரம் கருகும். புதுப்பனி பத்து லிட்டர் அள்ளினால் ஒரு லிட்டர் தண்ணீர் தேறும். பாட்டிலைத் தலைகீழாகச் செருகுங்கள், ஐஸ் மேலேதான் கட்டும். உறிஞ்சுகுழாய் வைத்த தண்ணீர்ப் பை வேண்டவே வேண்டாம்.

கருப்புக் கண்ணாடி ஆளுக்கு ஒன்று, குழுவுக்கு உபரி ஒன்று. வெண்பனி புறஊதாக் கதிரைத் திருப்பியடிக்கும். அன்று இரவு கண்ணில் மணல் கொட்டியது போல வலிக்கும்போதுதான் தெரியும்.

ஆறாம் நாள்: தேவிகுளம், ஒரே ஒரு தாள்

எல்லாவற்றையும் ஒரு தாளுக்குள் அடக்கும் நாள்.

இரவுத் தங்கல்: சங்க்ரி 1,950, ஜூடா கா தாலாப் சுமார் 2,770, அடிமுகாம் சுமார் 3,400. 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை நாளுக்கு 500க்கு மேல் ஏற்றக்கூடாது என்ற வழிகாட்டுதலை 2,770 – 3,400 என்ற துள்ளல் சற்று மீறுகிறது. நடுவில் ஓர் இரவைக் கூட்டினால் சரியாகிவிடும். மீசைப்புலி உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நூற்றுக்கு 72 பங்கு, கேதார்காந்தாவில் 62. இங்கே நான்கு நாள் நடந்ததால் அங்கே பழகிவிட்டோம் என்றாகாது. சமவெளிக்கு இறங்கி சில வாரத்தில் அந்தப் பழக்கம் போய்விடும். தலைவலியோடு வாந்தி உணர்வு வந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. தள்ளாடினால் அப்போதே இறக்க வேண்டும், இரவானாலும்.

உச்சி நாள்: ஏற்றம் சுமார் 400 மீட்டர், பாதை 3 கி.மீ. என்று வைத்தால் நெய்ஸ்மித் கணக்கில் 76 நிமிடம். உயரமும் வெண்பனியும் இருட்டும் சேர்ந்து இரண்டரையால் பெருக்கினால் 3 மணி 10 நிமிடம். அந்தப் பக்கம் டிசம்பர் கடைசியில் சூரியன் ஏழு மணிக்குப் பிறகே வருகிறது, மாலை ஐந்தரைக்குள் போய்விடுகிறது. நம்மூர்ப் பகலைவிட ஒன்றரை மணி நேரம் குறைவு. எல்லோரும் மூன்று மணிக்குக் கிளம்புவது உச்சியில் சூரியோதயப் படம் எடுக்க. இந்தத் தாளில் நான்கரை மணி போட்டிருக்கிறது. கடைசி முகட்டை வெளிச்சத்தில் ஏறலாம், விடியலுக்கு முந்தைய கடுங்குளிரில் உச்சியில் காத்துக்கிடக்க வேண்டாம். காற்று 40 கி.மீ.க்கு மேல் என்றால் கிளம்புவதே ஆறு மணிக்கு, அன்று உச்சி கிட்டாமலும் போகலாம். திரும்பும் நேரம் 9:00. எங்கே இருந்தாலும், உச்சி ஐம்பது மீட்டரில் தெரிந்தாலும்.

இந்தத் திட்டத்தை உடைப்பது பெரும்பாலும் வானிலை இல்லை, ரயில் டிக்கெட். தெற்கிலிருந்து டேராடூன் பக்கம் போகும் நேரடி ரயில்களில் வாரம் ஒருமுறை ஓடுபவை உண்டு. அதைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் கொட்டும் பனியில் ஏறியவர்கள் பலர். ஆகவே உபரி நாள் இரண்டு. ஒன்று உச்சிக்கு, ஒன்று சங்க்ரியிலிருந்து டேராடூன் வரும் சுமார் 200 கி.மீ. மலைச்சாலை அடைபட்டால். 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்த்ரதால் பாதையில் மோசமான வானிலையில் சிக்கிக் கர்நாடகத்துக் குழுவில் 9 பேர் இறந்தார்கள். அது குளிர்காலம்கூட இல்லை.

தாளில் அடுத்து, நடுவழியில் விட்டுவிட்டு இறங்கும் இரண்டு வழிகள், ஒவ்வொன்றும் படத்தில் 25 டிகிரிக்குள் அளந்தவை. பிறகு யார் கடைசியில் நடப்பது. உடல் விறைப்பின் அறிகுறிகள்: நடுக்கம், குழறும் பேச்சு, ஜிப்பை இழுக்கத் தடுமாறும் விரல், இடறும் கால். நடுக்கம் திடீரென நின்று ஆள் அமைதியானால் தேறிவிட்டார் என்று பொருளல்ல, நிலைமை முற்றிவிட்டது. ஈரத்துணி மாற்றி, காற்றிலிருந்து மறைத்து, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் சர்க்கரை போட்ட சூடான பானம். உறைந்த விரலைத் தேய்க்கக்கூடாது.

மூன்று நகல். ஒன்று குழுத்தலைவர் சட்டைப்பையில், ஒன்று கடைசியில் நடப்பவரிடம், ஒன்று போடியில் வீட்டில், எத்தனை மணி வரை தகவல் வராவிட்டால் யாருக்கு அழைக்க வேண்டும் என்ற குறிப்போடு. பின்பக்கத்தில் நான்கு கட்டங்கள் காலியாக இருக்கின்றன: கடந்த 24 மணி நேரத்துப் புதுப்பனி எத்தனை செ.மீ., முகட்டில் காற்றின் திசை, பனிச்சரிவு எச்சரிக்கை எண், பக்கத்துச் சரிவில் புதுத் தடயம் உண்டா. அவற்றை அடிமுகாமில், முந்தைய நாள் மாலை வெளிச்சம் போகுமுன் நிரப்ப வேண்டும்.